அம்மா பாடவில்லை

மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆளின் சட்டைப்பையிலிருந்து என் அம்மா முனகினாள்.

அவன் அவசரமே இல்லாமல் ஃபோனை வெளியே எடுத்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தான். எடுக்கவில்லை. அம்மாவை முழுசாக முனகவிட்டு, அது ஓய்ந்த பிறகு கடைக்காரரைப் பார்த்து, "கேக்கும்போதே உடம்பு சிலிர்க்குதுல்ல?" என்றான். கடைக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். "பெத்தவ குரல் சார். சும்மாவா?"

நான் பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அந்த ஃபோனைப் பிடுங்கி நடுத்தெருவில் எறிந்திருப்பேன். வாங்க வேண்டிய களிம்பைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பாட்டைக் கேட்காத காது இன்றைக்கு ஊரில் இல்லை. ஆரம்பத்தில் வாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு வயதான பெண்ணின் குரல் மட்டும். தாழ்வாக ஒரு 'ம்ம்', அப்புறம் மேலே ஏறி, உடைந்து, இறங்குகிற ஓர் 'ஆ'. அதன் பின்னாலேயே வயலின்கள் வரும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லாம் நின்று போய், காதுக்குப் பக்கத்தில் யாரோ 'ஷ்ஷ்' என்பார்கள். பிள்ளையைத் தூங்க வைக்கும் தாயின் 'ஷ்ஷ்' என்று பத்திரிகைக்காரர்கள் உருகி உருகி எழுதினார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் அழாதவர்களே இல்லையாம்.

அந்தக் குரல் என் அம்மாவுடையது. ஆனால் அது பாட்டு இல்லை. 'நனைஞ்சுபோச்சு, யாராவது வாங்க' என்று சொல்ல, பக்கவாதம் வந்த பிறகு அவளிடம் மிச்சமிருந்த ஒரே சத்தம் அது. அந்த 'ஷ்ஷ்' அம்மாவுடையதும் இல்லை. என் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னது. பாட்டுக்கு இசை அமைத்த மகானுபாவனும் அவன்தான்.

அண்ணனின் வாழ்க்கை வரலாறு இப்போது புத்தகமாக வந்திருக்கிறது. டி.வி.யில் தொடராக வந்திருக்கிறது. அதில் வராததைத்தான் நான் சொல்ல முடியும். வீட்டில் அவனுக்குப் பெயர் 'காது'. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதற்குச் சுருதி சொல்வான். குக்கர் விசில், பஸ் ஹார்ன், கதவுக் கீல், அப்பாவின் தும்மல், எதையும் விட மாட்டான். சின்ன வயதில் நான் சைக்கிளோடு சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்து வீறிட்டபோது ஓடிவந்தான். தூக்கிவிடத்தான் வருகிறான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். குனிந்து என் முகத்துக்கு நேராகக் காதைக் கொண்டுவந்து, "இன்னொரு தடவை கத்து" என்றான். இதை வீட்டில் எல்லாரும் ஜோக்காகச் சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில், கட்டில் பக்கத்து மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அந்த பீப் பிறகு ஒரு காதல் பாட்டில் வந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் மழையில் நனைகிற பாட்டு. சொந்தக்காரர்கள், "என்னா ஞானம் பாருங்க, எதைத் தொட்டாலும் சங்கீதமாக்கிடறான்" என்று தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள்.

சோப்புத்தூள் விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டு ஆரம்பித்தவன். அப்புறம் சினிமா, அப்புறம் வெளிநாட்டுக் கச்சேரி, சொந்த ஸ்டுடியோ, அலமாரி கொள்ளாத விருது. திறமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். திறமை உண்டு. அதை வைத்துக்கொண்டு மனிதனாகவும் இருந்திருக்கலாம். அண்ணி அவனுடைய மேனேஜர். கல்யாணமான புதிதில் 'இவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், முதல் விருது வந்ததிலிருந்து எங்களிடமும் 'சார்' என்றுதான் சொல்கிறாள். "சார் தூங்கறார்." "சார் இப்ப ரெக்கார்டிங்ல இருக்கார்." கூடப் பிறந்தவள் ஃபோன் பண்ணினால்கூட, "சார்கிட்ட சொல்றேன்."

பேட்டிகளில் மட்டும் அம்மா தவறாமல் வருவாள். "என் முதல் குரு என் தாய். அவங்க தாலாட்டுலதான் எனக்குச் சுருதி வந்துச்சு." அம்மா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களின் குரலை ஒருத்தரோடு ஒருத்தர் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது தலைவலியோடு வருவாள். பாட்டு என்ன, குளிக்கும்போது ஒரு முணுமுணுப்புக்கூடக் கிடையாது. "டேபிளைத் தட்டாதடா, மண்டை பிளக்குது" என்பதுதான் அவள் அவனுக்குப் பாடிய தாலாட்டு. அந்தப் பேட்டியை முதல் தடவை டி.வி.யில் பார்த்தபோது அவளுக்கு உடம்பு நன்றாக இருந்தது. சோபாவில் சாய்ந்தபடி, "யாரடி சொல்றான் இவன்?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு காலையில் பல் விளக்கப் போனவள் வாஷ்பேசின் பக்கத்தில் சரிந்தாள். இடது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. எல்லாம் புரிந்தது, எதையும் சொல்லத்தான் வரவில்லை. இடது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தொண்டையில் அந்த ஒரு சத்தம் மட்டும் நின்றது. நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து ஃப்ரேம் பொருத்திக் கொடுக்கிற வேலை. அதை அரை நாளாகக் குறைத்துக்கொண்டேன். காலையில் ஒரு நர்ஸ் பெண் வருவாள், மத்தியானத்திலிருந்து நான். 'ம்ம் ஆ' என்று சத்தம் வந்தால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஓடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை.

அண்ணன் வருவது எப்போதாவதுதான். வந்தால் கட்டிலின் கால்மாட்டில் நிற்பான், தொட மாட்டான். மூக்கை லேசாகச் சுருக்கிக்கொண்டு, "ரூம்ல ஒரு ஸ்ப்ரே அடிச்சு வையேன்" என்பான். ஆனாலும் அவன் குரல் வாசலில் கேட்டாலே அம்மாவின் பாதி முகம் மலர்ந்துவிடும். நான் நாள் முழுக்கக் கழுவித் துடைத்துப் புரட்டிப் போட்டாலும் எனக்குக் கிடைக்காத சிரிப்பு அது. வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து வந்தேன். வாசலில் அவன் கார். கதவைத் திறந்ததும் அம்மாவின் சத்தம். மறுபடியும் சத்தம். மறுபடியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். நர்ஸ் பெண்ணைக் காணோம். "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்று அவளை அனுப்பியிருக்கிறான். ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் நின்றிருந்தது. அறை வேகிக்கொண்டிருந்தது. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. மெத்தை விரிப்பு இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்து, ஓரம் காயத் தொடங்கி மஞ்சள் கோடு விழுந்திருந்தது. அவன் அம்மாவின் வாய்க்கு மேலே ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். காதில் பெரிய ஹெட்ஃபோன். கண்ணை மூடியிருந்தான். இன்னொரு கை காற்றில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்ன நின்னு வேடிக்கை பாத்துட்டு இருக்க? அம்மா நனைஞ்சு கெடக்கா!"

கண்ணைத் திறக்காமலே, "ஷ்ஷ்" என்றான்.

அதுதான் அந்த 'ஷ்ஷ்'.

நான் மைக்கைத் தள்ளிவிட்டு அம்மாவைப் புரட்டினேன். ஒரு கையால் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அசையாம இருங்க. ரூம் சத்தம் தனியா வேணும். அது இருந்தாத்தான் பின்னாடி இரைச்சலைக் கழிக்க முடியும்." அது அவர்கள் தொழிலில் வழக்கமாம். எங்கே குரல் பதிந்தார்களோ, அங்கே யாரும் பேசாத வெறும் அமைதியையும் தனியாகப் பதிந்துகொள்வார்களாம். நான் விரிப்பைச் சுருட்டி அவன் காலடியில் எறிந்தேன். தாவி ஒதுங்கிக்கொண்டான். ஷூவில் பட்டுவிடக் கூடாதே.

"உனக்குக் காதுல விழலையா, அவ கூப்பிட்டது?"

"விழுந்துச்சே. அதைத்தானே எடுத்தேன். அந்த எறக்கம் எவ்ளோ சுத்தமா விழுது தெரியுமா? பாடகிங்க யாருக்கும் வராதுடி. இன்னொரு டேக் குடுத்திருப்பா, நீ வந்து கெடுத்த."

பைத்தியம் என்று நினைத்தேன். நினைத்து மறந்தும் விட்டேன். சில மாதம் கழித்துக் கடையில் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. ஒரு அம்மாளுக்கு ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் குரலைக் கொஞ்சம் ஏற்றி, கரகரப்பைச் சீவி, எதிரொலி சேர்த்துப் பூசி மெழுகியிருந்தான். என்ன மெழுகினாலும் எனக்குத் தெரியாதா? இரண்டாவது சரணத்துக்கு முன்னால், என் கத்தலுக்கு அவன் பதிலாகச் சொன்ன 'ஷ்ஷ்' வந்தது. வீட்டுக்கு வந்து ஃபோன் பண்ணி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். முதலில் அண்ணி, "சார் பிஸி." அப்புறம் சார். "ஏண்டி குதிக்கற? அம்மாவுக்கு நான் சாகாவரம் குடுத்திருக்கேன். நாம எல்லாரும் போனப்புறமும் அவ குரல் இருக்கும்."

இருந்தது. அதுதான் தொல்லையே. மாடி வீட்டுக்காரர் அதை ரிங்டோனாக வைத்தார். எதிர் வீட்டுப் பெண் வைத்தாள். எங்கள் நர்ஸ் பெண்ணே வைத்தாள், கேட்டால் "பெருமையா இருக்குக்கா" என்றாள். தெருவில் எங்கேயாவது ஒரு ஃபோன் அடித்தால் நான் அடுப்பைப் போட்டது போட்டபடி அம்மாவிடம் ஓடினேன். அவள் சும்மா கண்ணைத் திறந்து, என்னடி என்பது போலப் பார்ப்பாள். இப்படி ஓடி ஓடி அலுத்துப்போய், ஓடுவது குறைந்தது. பின்னால் வயலின் வருகிறதா என்று ஒரு நொடி நின்று கேட்கத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது. மாடி வீட்டு ஃபோன் என்று நினைத்தேன். மறுபடி வந்தது. எடுத்துத் தொலையேன்யா என்று முணுமுணுத்தபடி துணியைப் பிழிந்தேன். மறுபடி. எல்லாம் உலர்த்திவிட்டு உள்ளே போனபோது அம்மா கதவைப் பார்த்தபடி கிடந்தாள். கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். முதுகுக்குக் கீழே, ஏற்கெனவே சிவந்திருந்த இடத்தில், ஈரத்தில் ஊறி, தோல் பிய்ந்து வந்துவிட்டது. அவளுக்கு என்று இருந்தது ஒரே ஒரு வார்த்தை. பெற்ற பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணிவிட்டான்.

அன்றைக்கே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் கட்டி, வலது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சுக்காரியாயிற்றே, சொல்லிக் கொடுக்கவே வேண்டாம் போல உடனே பிடித்துக்கொண்டாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் கீழே நனைந்துவிட்டது. இன்னொன்றை அவளாகவே கண்டுபிடித்தாள். டி.வி.யில் அண்ணன் முகம் வந்தாலோ, அவன் குரல் கேட்டாலோ, நிறுத்தாமல் கணகணவென்று தட்டுவாள். அவனைக் கூப்பிடு என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஃபோன் பண்ணுவேன். சார் பிஸியாக இருப்பார்.

பிறகு அந்தப் பழைய சத்தம் வீட்டில் கேட்பதே நின்றுபோனது, ஒரே ஒரு நேரம் தவிர. இயன்முறை மருத்துவர் வந்து மடங்கிய இடது கையை மெல்ல மெல்ல நீட்டிவிடுவார். அப்போது மட்டும் அவளை மீறி வரும். அவர் உடனே விட்டுவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்பார். காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க வந்தவர் சொன்ன வார்த்தை அது.

அண்ணனும் அண்ணியும் ஒரு நாள் சேர்ந்து வந்தார்கள். கையில் பூங்கொத்து. அப்போதே எனக்குச் சந்தேகம். அவன் சினிமாவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆனதற்கு விழா எடுக்கிறார்களாம். பெரிய அரங்கமாம். அம்மா வர வேண்டுமாம்.

"அந்தப் பாட்டைப் பாடும்போது அவங்க மேடையில இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சாருக்கு அது ஒரு கனவு" என்றாள் அண்ணி.

அண்ணன் கட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏன், அம்மா இப்பல்லாம் பாடறதே இல்லையா?" என்று கேட்டான்.

பாடுவதா! எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். "டேய் காது! அவ எப்படா பாடினா? நனைஞ்சு கெடந்து கத்தினதை எடுத்துட்டுப் போய்ப் பாட்டுங்கற! இப்பவும் வரும்டா உன் பாட்டு. அந்த எடது கையைப் புடிச்சு நீட்டினா வலி தாங்காம கத்துவா, அதான் உன் பாட்டு. நீட்டிப் பாக்கறியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்தான். "எனக்குத் தெரியாதுடி. சத்தியமா அது வலின்னு எனக்குத் தெரியாது. எனக்குச் சுருதிதான் கேட்டுச்சு" என்றான். நம்பினேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே, அவன் காது அப்படித்தான், கேட்கும், புரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா வலது கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மேடை வேணாம். மைக் வேணாம். முன் வரிசையில கொஞ்ச நேரம் உக்காந்து என்னைப் பாத்துட்டுப் போகட்டும். அம்மா மேல சத்தியம்" என்றான். அவர்கள் போன பிறகு டம்ளர் கணகணவென்று வெகுநேரம் அடித்தது. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

விழா மாலையில். அம்மாவுக்குத் தலை வாரி, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, புடவை கட்ட முடியாது என்பதால் நல்ல சட்டை போட்டு, மடங்கிய கைக்கு அடியில் சின்னத் தலையணை வைத்துக் கூட்டிப்போனேன். அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, முன் வரிசையிலிருந்து மேடைக்கு ஏறுகிற ஒரு சரிவுப் பலகை. மேலே சிவப்புக் கம்பளம். ஒரு தச்சர் குனிந்து ஓரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"வீல்சேர் ஏறணும்ல? அளவு குடுத்திருந்தாங்க."

திரும்பிவிடலாம் என்று நாற்காலியைத் திருப்பினேன். அதற்குள் ஒலிக்காரப் பையன் ஒருவன் வந்து அம்மாவின் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினான். பிடுங்கி அவன் கையிலேயே திணித்தேன். அண்ணி வாயெல்லாம் பல்லாக வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ளீஸ், சீன் போடாதீங்க, கேமரா ஓடுது." விளக்கு அணைந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் வெள்ளை உடையில் மேடைக்கு வந்தான். அம்மா அவனைப் பார்த்துவிட்டாள். வலது கை காற்றில் டம்ளரைத் தேடியது.

கொஞ்ச நேரம் பாட்டு, பேச்சு. பிறகு, "என் முதல் குரு இங்க வந்திருக்காங்க" என்றான். வீட்டில் 'அவ', 'நீ', மேடையில் 'அவங்க'. வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. அவனே இறங்கி வந்து என் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டான். ஆயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாதி முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் பிடியை விட்டுவிட்டேன்.

மேடை நடுவில் அவளை நிறுத்தினான். மைக் ஸ்டாண்டை அவள் வாய்க்கு நேரே இறக்கினான். வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிக் காத்திருந்தார்கள். அரங்கம் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பாடுங்கம்மா."

அம்மா பாடவில்லை. அவளுக்கு எங்கேயும் வலிக்கவில்லை. நனையவும் இல்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறான். எதற்குக் கூப்பிட வேண்டும்? அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நல்லா வேணும்டா உனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சிரித்தபடியே குனிந்து அவள் நெற்றியில் முத்தம் வைத்தான். கூட்டம் 'ஆ' என்று உருகியது. அம்மாவின் வலது கை அவன் முகத்தை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அந்தக் கையை அவன் தொடவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். தலையணைக்கு மேலே மடங்கிக் கிடந்த இடது கையை எடுத்தான். பார்ப்பவர்களுக்கு, முத்தம் வைக்கத்தான் எடுக்கிறான் என்று இருந்திருக்கும். மணிக்கட்டைப் பிடித்து, பாசமாக, மெதுவாக, இழுத்து நீட்டினான்.

'ம்ம்... ஆ.'

அரங்கம் இடிந்து விழுந்தது போலக் கை தட்டினார்கள். வயலின்கள் சரியாக அந்த இடத்தில் சேர்ந்துகொண்டன. அவன் வயலின்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டாவது முறை குரல் வர வேண்டிய இடம் வந்ததும், மறுபடி இழுத்தான். தாளம் தப்பவில்லை.

தெரியாது என்றானே. அவனுக்கு நானே அல்லவா சொல்லிக் கொடுத்தேன், எங்கே தொட்டால் வரும் என்று!

அண்ணியை உதறிவிட்டு அந்தக் கம்பளத்தில் ஏறி ஓடினேன். அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். "விடுடா அவ கையை! விடுடா நாயே!" மைக்கில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்டு என்ன? இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சகோதரியும் உணர்ச்சிவசப்பட்டு மேடையேறினார் என்று மறுநாள் படத்தோடு போட்டார்கள். அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வேன். அவன் அழுதுகொண்டிருந்தான். நடிப்பு இல்லை, நிஜமாகவே தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது அந்தப் பாட்டைக் கேட்டு. அம்மாவுக்கும் வலியில் கண் நிரம்பி வழிந்தது. அந்தக் கண்ணோடு, நன்றாக இருந்த கையை உயர்த்தி, அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கை வீங்கிவிட்டது. இயன்முறை மருத்துவர் பார்த்துவிட்டு, யார் இப்படி இழுத்தார்கள் என்று கேட்டார். ஃபோனில் அவன் நம்பரை அழித்துவிட்டேன். நர்ஸ் பெண்ணிடம், அவனுக்குக் கதவைத் திறந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. பால்காரரோ என்று திறந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். தனியாக வந்திருந்தான். முகம் வாடியிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அம்மாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். ஒண்ணும் பேச மாட்டேன். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன்டி."

கதவைத் திறந்து விடவும் இல்லை, சாத்தவும் இல்லை. அம்மாவுக்கு அவனைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? விழாவிலிருந்து வந்த நாள் தொட்டு அந்த டம்ளர் கணகணவென்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகட்டும், கட்டில் பக்கத்திலேயே நான் நிற்கிறேன் என்று மனம் இறங்கிவிட்டது. கதவைப் பாதி திறந்தும் விட்டேன்.

அவன் குரல் உள்ளே கேட்டிருக்கும். டம்ளர் ஆரம்பித்தது. இத்தனை வேகமாக அவள் அடித்து நான் கேட்டதில்லை. நிறுத்தாமல், மூச்சு விடாமல் அடித்தாள்.

அண்ணன் வாசற்படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தலை லேசாகச் சாய்ந்தது. கண் பாதி மூடியது. தொடையில் விரல்கள் தட்டத் தொடங்கின.

"இது என்னது? டம்ளரா?" என்றான். வாடிய முகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "அடிக்கறது யாரு, அம்மாவா? அடடா, நடுவுல ஒண்ணு விட்டு விட்டு விழுது பாரு..." ஷூவைக் கீழே போட்டுவிட்டு, ஃபோனை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

அவன் மணியை அடித்தான். கதவைத் தட்டினான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். உள்ளே டம்ளர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அம்மா கழுத்தைத் திருப்பி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லம்மா. வேற யாரோ, வீடு மாறி வந்துட்டாங்க."

அம்மா நம்பவில்லை. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று குரலை வைத்துச் சொல்வதுதான் அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இன்னும் பலமாக அடித்தாள். கதவுக்கு வெளியே மணிச் சத்தம் நின்றிருந்தது. தட்டலும் நின்றிருந்தது. ஆனால் வாசற்படி இறங்கும் காலடி கேட்கவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு, ஃபோனைக் கதவிடுக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வேறு எதற்கு அங்கே அத்தனை அமைதி?

அம்மாவின் கையிலிருந்த ஸ்பூனை என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

"ஷ்ஷ்" என்றேன்.